பசி உண்டாக்கும் நீரிழிவு: அறிவியல் ஏற்கத் தொடங்கியது, அரசு எப்போது ஏற்கும்?

நீரிழிவு என்றாலே உண்டு கொழுத்தவர்களின் நோய் என்ற எண்ணம் இன்னும் நம் சமூகத்தில் வலுவாக உள்ளது. உழைக்கும் மக்களிடம் பேசும்போது நம்மில் பலரும் அதைப் ‘பணக்கார வியாதி’ என்றே சொல்லிக் கடந்து விடுகிறோம். இந்த எண்ணத்தின் அடித்தளத்தையே அசைக்கும் முடிவு ஒன்று 2025 ஏப்ரலில் பாங்காக் நகரில் எடுக்கப்பட்டது. ஊட்டச்சத்துக் குறைவோடு தொடர்புடைய நீரிழிவை ‘ஐந்தாம் வகை நீரிழிவு’ என்ற தனி நோயாகச் சர்வதேச நீரிழிவு சம்மேளனம் தனது உலக மாநாட்டில் அங்கீகரித்தது. உலகெங்கும் இரண்டு கோடி முதல் இரண்டரைக் கோடிப் பேர் வரை இதனால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது இத்துறை ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் ஏழைகள்.

மருத்துவ இதழ்களின் பக்கங்களோடு முடிந்துவிட வேண்டிய செய்தியல்ல இது. வறுமை மனித உடலின் ஹார்மோன் இயக்கத்தையே சிதைக்கிறது என்பதற்கான சான்று இது. ஆகவே இது அரசியல் இயக்கத்தின் கவனத்துக்கும் உரியது.

உடலுக்குள் நடப்பது என்ன?

நாம் உண்ணும் மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதை உயிரணுக்களுக்குள் செலுத்துவது கணையத்தின் பீட்டா செல்கள் சுரக்கும் இன்சுலின் என்ற ஹார்மோன். முதல் வகை நீரிழிவில் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே பீட்டா செல்களைத் தாக்கி அழிக்கிறது. பரவலாகக் காணப்படும் இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரிவரப் பணிவதில்லை. உடல் பருமன், குறிப்பாக வயிற்றுக் கொழுப்பு, இதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று.

இவ்விரண்டிலும் அடங்காத நோயாளிகளை நம் மருத்துவர்கள் நெடுங்காலமாகவே பார்த்து வந்துள்ளனர். அவர்கள் பெரும்பாலும் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். மிக மெலிந்த உடல் கொண்டவர்கள். குழந்தைப் பருவம் முதல் அரை வயிற்றுடன் வளர்ந்தவர்கள். இரத்தத்தில் சர்க்கரை மிக அதிகமாக இருக்கும். ஆனால் முதல் வகை நோயாளிகளுக்கு இன்சுலின் நின்றால் ஏற்படும் உயிராபத்தான இரத்த அமில நிலை இவர்களுக்கு எளிதில் ஏற்படுவதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் அமெரிக்காவின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியும் இணைந்து நடத்திய ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. இத்தகைய மெலிந்த நோயாளிகளுக்கு இன்சுலின் சுரப்பே கடுமையாகக் குறைந்திருப்பதையும், இரண்டாம் வகையினரைப் போல இன்சுலினுக்கு எதிரான தடை இவர்களிடம் மேலோங்கி இல்லை என்பதையும் அந்த ஆய்வு நுட்பமான அளவீடுகளுடன் காட்டியது.

நோயாளியைப் பொறுத்தவரை இது வாழ்வா சாவா என்ற வேறுபாடு. இரண்டாம் வகை என்று தவறாகக் கணித்தால் ‘எடையைக் குறை, உணவைக் குறை’ என்பதே முதல் அறிவுரையாகிறது. எலும்பும் தோலுமாக நிற்கும் ஒரு கட்டடத் தொழிலாளிக்கு அந்த அறிவுரையே நஞ்சு. முதல் வகை என்று கணித்து மிகையாக இன்சுலின் செலுத்தினால், அடுத்த வேளை உணவுக்கு உறுதி இல்லாதவரின் இரத்தச் சர்க்கரை சடுதியில் வீழ்ந்து மரணம் கூட நேரலாம். மருந்தின் அளவு நோயாளியின் சட்டியில் இருக்கும் சோற்றின் அளவைப் பொறுத்தது. இதைப் பாடநூல்கள் போதிய அளவு சொல்லவில்லை.

பெயர் நீக்கப்பட்ட நோய்

இந்த நோய் புதிதாகத் தோன்றியதல்ல. 1955இலேயே ஜமைக்காவில் பணியாற்றிய மருத்துவர் ஹியூ-ஜோன்ஸ் இத்தகைய நோயாளிகளைப் பதிவு செய்தார். 1960களில் ஒடிசாவின் கட்டாக்கிலிருந்தும் இதுபோன்ற அவதானிப்புகள் வெளிவந்தன. 1985இல் உலக சுகாதார நிறுவனம் ‘ஊட்டச்சத்துக் குறைவு சார்ந்த நீரிழிவு’ என்று இதற்கு வகைப்பாட்டில் இடம் கொடுத்தது. ஆனால் 1999இல், ஊட்டச்சத்துக் குறைவே காரணம் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று கூறி அந்த வகையை நீக்கிவிட்டது.

சான்று ஏன் இல்லை? சான்றைத் தேடுவதற்கு ஆய்வு வேண்டும். ஆய்வுக்கு நிதி வேண்டும். மருந்து வாங்கும் சக்தியற்ற நோயாளிகளின் நோயை ஆராயச் சந்தைக்கு ஆர்வமில்லை. நலவாழ்விலிருந்து அரசுகள் விலகிக்கொண்டிருந்த நவதாராளமய ஆண்டுகளில் பொது நிதியும் இதற்கு வரவில்லை. இப்படியாகச் சான்றில்லாததால் பெயரில்லை, பெயரில்லாததால் ஆய்வில்லை, ஆய்வில்லாததால் சான்றில்லை என்ற சுழலில் கால் நூற்றாண்டு கழிந்தது. அந்த நோயாளிகள் மறைந்துவிடவில்லை. தவறான பெயர்களின் கீழ் சிகிச்சை பெற்றார்கள், பலர் இறந்தார்கள்.

புதிய வகைப்பாடு குறித்த விவாதம் ஓயவில்லை என்பதையும் நேர்மையுடன் பதிவு செய்ய வேண்டும். பீட்டா செல்கள் பழுதடைவதற்கு ஊட்டச்சத்துக் குறைவு மட்டுமே காரணமா, மரபணுக்களுக்கும் தொற்றுகளுக்கும் என்ன பங்கு என்ற கேள்விகளை அறிவியலாளர்களில் ஒரு பகுதியினர் எழுப்புகின்றனர். அக்கேள்விகள் நியாயமானவை, அவற்றுக்கான விடை மேலும் ஆய்வு செய்வதில்தான் உள்ளது. கேமரூன், உகாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் முதல் வகை நீரிழிவு என்று கணிக்கப்பட்ட இளம் வயதினரிடம் நடத்தி 2025இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் அந்நோய்க்குரிய எதிரணுக்களே காணப்படவில்லை. செல்வந்த நாடுகளின் உடல்களைக் கொண்டு வரையப்பட்ட நோய் வரைபடம் ஏழை நாடுகளின் உடல்களுக்குப் பொருந்தவில்லை என்பதையே இது உணர்த்துகிறது.

ஒரே நாட்டில் இரண்டு சுமைகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியுதவியுடன் நடந்த நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக அது மதிப்பிட்டது. அதே நாட்டில்தான், 2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியுள்ளனர். 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகையால் வாடுகின்றனர். அதே வயதுப் பெண்களில் 18.7 சதவீதத்தினர் எடை குறைந்தவர்கள். 24 சதவீதத்தினர் எடை மிகுந்தவர்கள்.

ஒரு பக்கம் பசி, மறுபக்கம் பருமன். இவற்றை இருவேறு வர்க்கங்களின் இருவேறு கதைகள் என்று கருதினால் தவறாகும். புனே அருகே ஆறு கிராமங்களில் 1993இல் தொடங்கிய தாய்மை ஊட்டச்சத்து ஆய்வு இதைத் தெளிவாக்கியது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகளின் எடையோ சுமார் 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் தசை குறைந்திருந்தது. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ‘மெலிந்தும் கொழுத்த’ குழந்தை என்று ஆய்வாளர் யாஜ்னிக் இதை விவரித்தார். கருவில் பட்டினி கண்ட உடல், கிடைப்பதைச் சேமித்து வைக்கப் பழகுகிறது. பின்னாளில் மலிவான மாவுச்சத்தும் சர்க்கரையும் எண்ணெயும் கிடைக்கும்போது அந்த உடல் எளிதில் நீரிழிவுக்கு இரையாகிறது. கர்ப்பிணிகளின் கடும் உடலுழைப்புக்கும் குழந்தையின் எடைக் குறைவுக்கும் உள்ள தொடர்பையும் இதே ஆய்வு எடுத்துக்காட்டியது. பிள்ளைத்தாய்ச்சி வயலில் குனிந்து செய்த வேலையின் கணக்கு, நாற்பது ஆண்டுகள் கழித்து மகனின் இரத்தப் பரிசோதனையில் வந்து நிற்கிறது.

இன்னொரு முக்கியத் தகவல் 2017இல் வெளியானது. மேற்கூறிய நாடு தழுவிய ஆய்வின் 15 மாநிலக் கட்டத்தில், சண்டிகர், மகாராஷ்டிரம், தமிழ்நாடு போன்ற வளர்ந்த பகுதிகளின் நகர்ப்புறங்களில் வசதி படைத்தவர்களைவிட வசதி குறைந்தவர்களிடமே நீரிழிவு அதிகம் என்பது தெரியவந்தது. ‘பணக்கார வியாதி’ என்ற சொல்லை நாம் கைவிட வேண்டிய காலம் கடந்துவிட்டது. பணக்காரருக்கு நோய் வந்தால் பரிசோதனையும் மருந்தும் உணவு மாற்றமும் ஓய்வும் கிடைக்கும். தொழிலாளிக்கு வந்தால் காலில் புண்ணும் கண்ணில் மங்கலும் சிறுநீரகப் பழுதும் தோன்றிய பிறகே நோய் இருப்பது தெரிகிறது.

தனிமனித ஒழுக்கத்தின் பிரச்சினையா?

‘வாழ்க்கைமுறை நோய்’ என்று ஆட்சியாளர்கள் இதற்குப் பெயர் சூட்டியுள்ளனர். காலையில் நட, யோகா செய், எண்ணெயைக் குறை என்று உபதேசம் வருகிறது. நடப்பதும் உணவில் கட்டுப்பாடும் நல்லவையே. அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாழ்க்கைமுறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நம் மக்கள் பெறும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்தின் பங்கு 12 சதவீதமே. 2025இல் வெளியான ஆய்வு இதைக் கூறுகிறது. மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதியைப் புரதத்தால் ஈடுசெய்தாலே நீரிழிவு அபாயம் குறையும் என்றும் அது சுட்டுகிறது. ஆனால் பருப்பும் முட்டையும் பாலும் மீனும் என்ன விலை? 80 கோடிக்கும் மேற்பட்டோருக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசமாகக் கொடுப்பதைச் சாதனையாக விளம்பரப்படுத்தும் ஒன்றிய அரசு, அந்தத் தானியத்தோடு பருப்பும் எண்ணெயும் தரும் பொறுப்பை ஏற்க மறுக்கிறது. பயனாளிகளின் எண்ணிக்கையும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே உறைந்து நிற்கிறது. மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை வழங்கும் யோசனையை 2015இல் அன்றைய பாஜக அரசு நிராகரித்தது. குழந்தையின் தட்டில் முட்டை இருப்பதா வேண்டாமா என்பதை ஊட்டச்சத்து அறிவியல் அங்கே முடிவு செய்யவில்லை, மதவாத அரசியலே முடிவு செய்தது.

வேலை நேரத்துக்கும் ஹார்மோன்களுக்கும் உள்ள உறவு மற்றொன்று. உடலின் அன்றாடக் கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்சுலின், கார்டிசால், மெலட்டோனின் ஆகியவை அந்தக் கடிகாரத்தின் ஒழுங்கில்தான் சுரக்கின்றன. இரவுப் பணியும் மாறி மாறி வரும் முறைப்பணியும் அதைக் குலைத்து நீரிழிவு அபாயத்தைக் கூட்டுகின்றன என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. இந்தச் சூழலில்தான் கர்நாடகம், குஜராத், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்கள் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்குச் சட்டத்தின் கதவைத் திறந்துவிட்டுள்ளன. எட்டு மணி நேர வேலைக்கான போராட்டம் ஊதியத்துக்கும் ஓய்வுக்குமான போராட்டம் மட்டுமல்ல. தொழிலாளியின் கணையத்தையும் இதயத்தையும் காக்கும் போராட்டமும் அதுவே.

அரசின் கொள்கை உடலுக்குள் வரை சென்று வேலை செய்யும் என்பதற்குப் பிரிட்டனின் அனுபவம் சாட்சி. இரண்டாம் உலகப் போரின்போது அங்கு வந்த சர்க்கரைப் பங்கீடு 1953இல்தான் நீங்கியது. கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் அந்தப் பங்கீட்டின் கீழ் வளர்ந்தவர்களையும், அதன் பின் பிறந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2024இல் வெளியானது. முன்னவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் சுமார் 35 சதவீதமும், உயர் இரத்த அழுத்தம் வரும் அபாயம் சுமார் 20 சதவீதமும் குறைவு என்று அது கண்டறிந்தது. அந்தக் குழந்தைகள் யாரும் ஒழுக்க உபதேசம் கேட்டுச் சர்க்கரையைக் குறைக்கவில்லை. உணவு வழங்கலைச் சந்தையிடம் விடாமல் அரசு ஒழுங்குபடுத்தியதன் விளைவு அது.

மருந்தும் இலாபமும்

ஹார்மோன் ஆய்வில் அண்மையில் பெரிதும் பேசப்படுபவை ஜிஎல்பி-1 வகை மருந்துகள். குடல் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போலச் செயல்பட்டு, சர்க்கரையையும் எடையையும் குறைத்து, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பளிக்கும் இம்மருந்துகள் உண்மையான அறிவியல் முன்னேற்றம். 2025இல் உலக சுகாதார நிறுவனம் இவற்றை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. முதலாளித்துவ நிறுவனங்கள் தயாரித்தன என்பதற்காக அவற்றை நாம் ஒதுக்க வேண்டியதில்லை. அவை யாருக்குக் கிடைக்கின்றன என்பதே நமது கேள்வி. இந்திய நகரங்களில் மாதந்தோறும் பல ஆயிரம் ரூபாய் விலையில் அவை அறிமுகமாயின. செமாக்ளுடைட் மருந்தின் அடிப்படைக் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரையே. அதன் பின் உள்நாட்டு நிறுவனங்களின் உற்பத்தியால் விலை குறைய வழி உண்டு.

அந்த வழி தானாகத் திறந்ததல்ல. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமும் பொதுத்துறை மருந்து நிறுவனங்களும் சேர்ந்துதான் இந்தியாவை மலிவான மருந்துகளின் நாடாக்கின. 2005இல் உலக வர்த்தக அமைப்பின் நிர்ப்பந்தத்தால் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் வலியுறுத்தியதால் பொதுநலப் பாதுகாப்புகள் சில வலுவாக்கப்பட்டன. பழைய மருந்தில் அற்ப மாற்றம் செய்து புதிய காப்புரிமை கோருவதைத் தடுக்கும் 3(டி) பிரிவின் வலிமையை 2013இல் நோவார்ட்டிஸ் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் நாடு கண்டது. தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களின் பேரால் இந்தப் பாதுகாப்புகளைத் தளர்த்தும் முயற்சிகளை நாம் விழிப்புடன் எதிர்க்க வேண்டும்.

இன்சுலினின் கதை இன்னும் கசப்பானது. 1921இல் டொராண்டோவில் அதைக் கண்டறிந்தவர்கள், எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று காப்புரிமையைப் பெயரளவுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். நூறாண்டு கழித்து, உலக இன்சுலின் சந்தையின் பெரும்பகுதி மூன்றே பன்னாட்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் மண்பானைக்குள் இன்சுலின் குப்பியை வைத்துக் காக்கும் ஏழைக்கு அந்த ஒரு டாலர் அறத்தின் பயன் இன்னும் வந்து சேரவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

பொதுச் சுகாதாரச் செலவை 2025க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை வாக்களித்தது. 2021-22இல், பெருந்தொற்றுக் காலத்திலும்கூட, அது 1.84 சதவீதத்தையே எட்டியது. மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தம் சட்டைப்பையிலிருந்து கொடுத்தது. நீரிழிவு ஒருமுறை செலவழித்து முடிக்கும் நோயல்ல. ஆயுள் முழுவதும் மாதந்தோறும் வரும் செலவு அது. மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டும் பணம் தரும் காப்பீட்டுத் திட்டங்கள் அன்றாட மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் உதவுவதில்லை. கால் அழுகி வெட்டும்போது காப்பீடு வரும். அழுகாமல் தடுக்க வராது.

உணவே மருந்தாகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தினருக்கு மாதந்தோறும் ஊட்டச்சத்துப் பொருட்கள் வழங்கி நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. நீரிழிவும் காசநோயும் ஒன்றையொன்று வளர்க்கும் நோய்கள் என்பதை நினைவில் கொண்டால் இதன் பொருள் விளங்கும்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். பொது விநியோகத்தில் தானியத்துடன் பருப்பு, எண்ணெய், சிறுதானியம் ஆகியவை சேர்க்கப்பட வேண்டும். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் விரும்பும் குழந்தைகள் எல்லோருக்கும் முட்டை வழங்கப்பட வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் உறுதியளித்த மகப்பேறு உதவி, முதல் குழந்தைக்கு 5,000 ரூபாயாகச் சுருக்கப்படாமல், பேறுகால ஓய்வுக்கு ஈடான ஊதியமாக உயர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்சுலினும் சர்க்கரைப் பரிசோதனைப் பட்டையும் தடையின்றி இலவசமாகக் கிடைக்க வேண்டும். மெலிந்த இளம் நோயாளிகளைத் தனியே கண்டறிந்து பதிவு செய்யவும், அவர்களுக்குரிய சிகிச்சை நெறியை வகுக்கவும் பொது நிதியில் ஆய்வு நடக்க வேண்டும். பொட்டல உணவுகளின் முகப்பில், நிறுவனங்கள் விரும்பும் நட்சத்திரக் குறிகளுக்குப் பதிலாக, சிலி நாட்டைப் போல எளிதில் புரியும் எச்சரிக்கை முத்திரை இடம்பெற வேண்டும்.

வீடு வீடாகச் சென்று நீரிழிவு, இரத்த அழுத்த அபாயப் படிவங்களை நிரப்புகிறவர்கள் ஆஷா ஊழியர்கள். அவர்களைத் தொழிலாளர்கள் என்று ஒப்புக்கொள்ளாமல் ‘தன்னார்வலர்’ என்று அழைத்து ஊக்கத்தொகையில் நிறுத்தி வைத்திருக்கிறது அரசு. அவர்களது ஊதியக் கோரிக்கையும் நோயாளியின் சிகிச்சைக் கோரிக்கையும் பிரிக்க முடியாதவை.

நமது கிளைகளும் தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் அமைப்புகளும் இப்பணியை உடனே தொடங்க முடியும். மருத்துவத் தோழர்களின் துணையுடன் பணியிடங்களிலும் குடியிருப்புகளிலும் சர்க்கரைப் பரிசோதனை முகாம்களை நடத்துவோம். மெலிந்தவருக்கு இந்நோய் வராது என்ற எண்ணத்தை உடைப்போம். முகாமில் கிடைக்கும் விவரங்களை உள்ளூர் சுகாதார நிலையத்தின் முன் கோரிக்கையாக வைப்போம். இந்நோயின் மூலம் பட்டினி என்பதை மறந்து மருந்தை மட்டும் கேட்டால் பாதிக் கோரிக்கையோடு நின்றுவிடுவோம். ரேஷன் கடையின் வாசலிலும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டிய போராட்டம் இது.